வின்ச்சைத் தாங்குவது சேஸ்தான்

கோவிலூரிலிருந்து பழத்தோட்டம், சிலந்தியாறு பக்கம் போகும் தோட்டப் பாதைகளை ஐப்பசி மழையில் பார்த்தவர்களுக்கு, வட்டவடை ஜீப்காரர்கள் ஏன் வின்ச் வாங்க ஆசைப்படுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கேரட் மூட்டை ஏற்றிய ஜீப் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டால் நாலு பேர் தள்ளினாலும் நகராது. ஆனால் என்னிடம் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை பவுண்டு போடலாம்ணே?” என்றுதான். எதில் பொருத்துவது என்று கேட்பவர் அபூர்வம். உயிர் போவதும் பிழைப்பதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

பவுண்டுக் கணக்கு எளிது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 2500 கிலோ வண்டிக்கு 3750 வரும். 9500 பவுண்டு வின்ச் ஏறத்தாழ 4300 கிலோ இழுக்கும், போதும். அந்த முழு இழுவையும் ட்ரம்மில் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் பலம் போய்விடும்.

இனி பொருத்தும் வேலை. பம்பர் என்பது வேறு, சேஸ் என்பது வேறு. பம்பர் மேல் ஒரு தகடு வைத்து நாலு இடத்தில் வெல்டிங் தட்டிய ஜீப் ஒன்றை நான் பார்த்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு பக்க வெல்டிங் வாயைப் பிளந்து, வின்ச் கோணிக்கொண்டு நின்றது. ரோப் அறுந்திருந்தால் எதிரில் நின்ற பையன் கதி என்னவாகியிருக்கும்! பிளேட் குறைந்தது 6 மி.மீ. கனம் இருக்க வேண்டும். இரண்டு பக்கச் சேஸ் சட்டத்தையும் பிடித்து போல்ட்டில் நிற்க வேண்டும். பழைய மேஜர், கமாண்டர் வண்டிகளில் சேஸின் முன்நுனியில் சேறு தங்கி உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் முதலில் சேஸ் வேலை, பிறகுதான் வின்ச். பெட்டிச் சட்டமாக இருந்தால் துளைக்குள் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு செருகி அதன் வழியே போல்ட் போடுங்கள். இல்லையேல் முறுக்க முறுக்கச் சட்டம் நசுங்கும், நாளடைவில் போல்ட் தளரும்.

வின்ச்சின் பாதத்துக்கு அதோடு வரும் போல்ட்டையே போடுங்கள். நீளம் கூடினால் அடியில் முட்டி நிற்கும். இறுகியதுபோல் கைக்குத் தோன்றும், பிளேட்டைப் பிடித்திருக்காது. நீளம் குறைந்தால் மரை பிய்ந்து வரும். இரும்பு ரோப்புக்கு உருளை வழிகாட்டி, செயற்கை இழை ரோப்புக்கு வழவழப்பான அலுமினிய வாய். இரும்பு ரோப் ஓடித் தேய்ந்த உருளையில் செயற்கை ரோப்பை ஓட்டினால் இழை இழையாக அறுத்துவிடும்.

முழு இழுவையில் மோட்டார் ஏறத்தாழ 400 ஆம்பியர் குடிக்கும். ஆகவே தடித்த கேபிள், பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். இழுக்கும்போது எஞ்சின் ஓடட்டும்.

புது ரோப்பை முழுதும் அவிழ்த்து, சிறு பளு கொடுத்து இறுக்கமாகத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றியிருந்தால் முதல் கடின இழுவையில் மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து சிக்கும். எவ்வளவு அவிழ்த்தாலும் ட்ரம்மில் இரும்பு ரோப் ஐந்து சுற்று, செயற்கை ரோப் எட்டு முதல் பத்துச் சுற்று மிச்சம் இருக்க வேண்டும். கப்பி போட்டால் பலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்போது ஹூக்கை வின்ச் பிளேட்டில் மாட்டாமல் சேஸின் இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள், பளு பிரியும்.

மரத்தில் ரோப்பை நேரே சுற்றவே கூடாது. அகலப் பெல்ட் போடுங்கள், அடிமரத்தோடு தாழ்வாக. மழையில் ஊறிய சரிவில் நிற்கும் தைல மரத்தை நம்பாதீர்கள், வேரோடு சாயும். பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா வழியில் மரத்தைத் தொடும் பேச்சே வேண்டாம். இழுக்கும் ரோப்பின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, ஆட்களை ரோப் நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். பட்டறையில் வேலை தொடங்குமுன் சேஸ் போல்ட்டின் தலையை நீங்களே பாருங்கள். 8.8 என்றோ அதற்கு மேலோ பொறித்திருக்காவிட்டால் மாட்ட விடாதீர்கள்.