மறுநாள் காலையில் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

எர்ணாவூரில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்யப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்றும் கேட்டிருந்தாய். ஏற்கெனவே அவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதை முதலில் கணக்கெடு. சுனாமி குடியிருப்பில் மாடிவீட்டுக்காரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு நடை படியேறினால், அன்றைய தெம்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும். அதற்கு மேல் நீ அரை மணி நேரம் நடக்கச் சொன்னால், மறுநாள் "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குப்பா" என்பாள். அடுத்த வாரம் கதவு திறக்காது.

அதற்காக "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டும் வந்துவிடாதே. அதைச் சொல்லத்தான் தெருவே இருக்கிறதே. 1997இல் வந்த பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்றில், லூபஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட 50 மடங்கு என்று தெரியவந்தது. உட்காரவைத்தால் இதயம் பிழைக்காது. லண்டனில் 93 பேரை வைத்துச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் வீட்டிலிருந்தே நடை, சைக்கிள், நீச்சல் என்று செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். நோயும் அதனால் முற்றவில்லை.

ஐந்து நிமிட நடையில் ஆரம்பி. நடக்கும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் அது அதிகம். போதுமா இல்லையா என்பதை அங்கேயே முடிவு செய்யாதே, மறுநாள் காலையில் போன் போட்டுக் கேள். அசதி தங்கியிருந்தால் பாதியாக்கு. இல்லையென்றால் அடுத்த வாரம் இரண்டு நிமிடம் கூட்டு.

வெயில் விஷயத்தில் உனக்குப் பக்கத்து வீட்டு ஆலோசகர்கள் நிறையப் பேர் வருவார்கள். "காலை வெயில் பட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். லூபஸில் வெயிலே நோயைக் கிளப்பிவிடும். மேகமூட்டமும் காக்காது. கடற்கரை நடை என்றால் பொழுது சாய்ந்த பிறகு. மொட்டை மாடி சூரிய நமஸ்காரம் வேண்டவே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி போதும். ஸ்டீராய்டு மாத்திரையால் தொடைத் தசை கரைந்தவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது.

ஒன்றை மட்டும் உன் கண்ணாலேயே பார். அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துவிட்டு எழும்போது தொடை இடுக்கில் கையை வைத்து முகம் சுளிக்கிறாளா? ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இடுப்பு மூட்டின் பந்து ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐதான் காட்டும். அந்த வலியைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து நீவிவிடாதே, டாக்டரிடம் அனுப்பு. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், நெஞ்சுவலி, புதுக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

ஜி.எச். ரூமட்டாலஜி ஓ.பி.க்குப் போகிற நாளில் பயிற்சி எதுவும் எழுதாதே. பஸ் மாறிப் போய் வரிசையில் நின்று திரும்புவதையே அன்றைய கணக்கில் எழுதிக்கொள்.

அன்புடன்,
அக்கா