தாத்தாவின் மைலோ டின்னும் திறந்த மூல ரோபோவும்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆலையில் என் தாத்தா ஃபிட்டராக வேலை செய்தார். இன்று அத்தோட்டம் முழுவதும் செம்பனை. ஆலை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தாத்தாவிடம் ஒரு மைலோ டின் இருந்தது. கழித்துப்போட்ட இயந்திரங்களிலிருந்து கழற்றிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் அதில் சேர்த்து வைப்பார். ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரத்தில் ஒரு போல்ட் தெறித்தால், தண்ணீர் பம்பிலிருந்து கழற்றியது அங்கே பொருந்தும். இரண்டும் வெவ்வேறு கம்பெனிகள் செய்தவை.

இது எப்படிப் பொருந்தியது என்பதைப் பொறியியல் படித்த பின்னரே அறிந்தேன். 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், மரையின் கோணம் 55 பாகை எனவும் ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்திற்கு இத்தனை மரை எனவும் பொது அளவை முன்மொழிந்தார். அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 12 மரை. பிரிட்டிஷ் ஆலைகள் இதனை ஏற்றன. பின்னாளில் மெட்ரிக் போல்ட்டுகள் வந்தபோது தாத்தா அவற்றை வேறு டின்னில் போட்டார். 12 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அரை அங்குலம் போலவே இருக்கும். அரை அங்குல நட்டு அதில் ஒன்றிரண்டு சுற்று ஏறும். பிறகு இறுகி மரையைத் தின்றுவிடும்.

ரோபோ துறையும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் ரோபோவுக்குத் தானே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான எரிக் பெர்கரும் கீனன் வைரோபெக்கும் இதற்கு மாற்றுத் தேடினர். 2007 முதல் வில்லோ கராஜ் என்னும் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த அம்முயற்சியே ஆர்.ஓ.எஸ். பெயரில் இயங்குதளம் என்றிருந்தாலும், அது லினக்ஸ் போன்றவற்றின் மேல் ஓடும் ஒரு மென்பொருள் தொகுப்பு. அதன் உயிர் செய்தி வடிவங்களில் இருக்கிறது. தூரம் மீட்டரில், கோணம் ரேடியனில், முன்பக்கம் எக்ஸ் அச்சு, இடப்பக்கம் ஒய், மேலே இசட். எந்த உணரியாயினும் இந்த வடிவில் செய்தி வெளியிட்டால், உலகின் வேறு மூலையில் ஒருவர் எழுதிய வழிகாட்டும் நிரல் அதைப் படித்துவிடும். மின்னணுவியலில் நடந்த விட்வொர்த் வேலை எனலாம்.

இதை நான் கற்றது சுவரில் மோதி. இறுதியாண்டில், மீயொலி உணரி பொருத்திய சிறு ரோபோ ஒன்றைச் செய்தேன். எதிரொலி திரும்ப எடுக்கும் மைக்ரோ விநாடிகளை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். அந்த எண்ணை அப்படியே ஆர்.ஓ.எஸ். செய்தியில் போட்டேன். 40 சென்டிமீட்டரில் இருந்த சுவரை, 40 மீட்டர் தள்ளி இருப்பதாக நம்பி ரோபோ முழு வேகத்தில் பாய்ந்தது. முன்சக்கரம் போனது. 100ஆல் வகுக்கும் ஒரு வரி போதுமானதாக இருந்தது. அதைவிடப் பெரிய தவறு, பட்டம் பெற்றுப் போகையில் அந்த வரியைப் பற்றி எங்கும் எழுதி வைக்காதது. நிரல் என் மடிக்கணினியோடு வெளியேறியது. அடுத்த ஆண்டு மாணவர்கள் ரோபோவின் உடலை மட்டும் பெற்றார்கள்.

பாகங்களை மறுபடியும் பயன்படுத்துவதற்கு நல்ல எடுத்துக்காட்டு டர்டில்பாட். 2010இல் வில்லோ கராஜில் மெலனி வைஸும் டல்லி ஃபூட்டும் செய்தது. வீடு கூட்டும் ரோபோவின் அடித்தளம், விளையாட்டுக் கருவிக்கென விற்ற கினெக்ட் கேமரா, ஒரு மடிக்கணினி: மூன்றும் வேறு வேலைக்காகப் பிறந்தவை. வில்லோ கராஜ் பின்னர் மூடப்பட்டது. ஆர்.ஓ.எஸ். மூடப்படவில்லை, மூல நிரல் எல்லார் கையிலும் இருந்தது. எங்கள் தோட்ட ஆலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தொடங்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரோபோ வாங்கப் பணம் வேண்டியதில்லை. கசீபோ என்னும் இலவசப் பாவனையகத்தில் டர்டில்பாட்டைக் கணினிக்குள்ளேயே ஓட்டலாம். பழகிய பின், பழுதான முப்பரிமாண அச்சுப்பொறியைத் தேடுங்கள். அதில் பெரும்பாலும் நெமா 17 மோட்டார் இருக்கும். திருகாணித் துளைகளின் இடைவெளி 31 மில்லிமீட்டர். யார் செய்த மோட்டாராயினும் அந்த அளவு மாறாது. எடுத்துப் பயன்படுத்தும் நிரலின் உரிமத்தையும் படியுங்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்பவையும் உண்டு. மாற்றியதைத் திருப்பிப் பகிர வேண்டும் என்பவையும் உண்டு.

தாத்தாவின் டின் இப்போது ஈப்போவில் என் மேசையில் இருக்கிறது. மூடியில் அவர் ஆணியால் கீறிய எழுத்து இன்னும் தெரிகிறது: "அரை இஞ்சி. மெட்ரிக் போடாதே."