ஐஸ் தண்ணீரும் விரதக் குளியலும் ஒன்றா?



போன செமஸ்டர் விடுமுறையில் வீட்டுப் பின்பக்கம் ஒரு நீல டிரம்மில் ஐஸ் குளியலுக்கு ஏற்பாடு செய்தேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான். தம்பி கைப்பேசியோடு தயாராக நின்றான். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தள்ளுடா, நான் முதல்ல இறங்குறேன்" என்றார்.

அப்பாவுக்கு வயது 54. இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா உடனே தடுத்தார். அப்பா விடவில்லை. "வருஷா வருஷம் விரதம் இருந்து, விடியக்காலையில பச்சத்தண்ணியில குளிச்சுக் காவடி எடுத்தவன் நான். இது என்னை என்ன பண்ணிடும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை கிலோ ஐஸ் வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, அந்தத் தண்ணீர் அப்பாவின் இதயத்தை என்ன செய்யும் என்று தெரியவில்லை. "இன்னைக்கு வேணாம்பா" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்தேன்: 28 டிகிரி செல்சியஸ். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33 டிகிரி. அதனால்தான் விடியற்காலையில் முதல் வாளி மேலே விழும்போது நமக்குச் 'சில்'லென்று இருக்கிறது. ஆனால் குளிர்நீர் ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது 10 முதல் 15 டிகிரி வரை உள்ள தண்ணீர்.

100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறக்க, சுமார் 5,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 15 டிகிரிக்கு வருவதற்குள் ஏறக்குறைய 400 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். ஆக, 14 கிலோ ஐஸ் தேவை. நான் 15 கிலோ போட்டேன். தண்ணீர் 15 டிகிரிக்கு வந்தது.

அப்பா சொன்ன பச்சைத்தண்ணீருக்கும் என் டிரம்முக்கும் நடுவே இருப்பது அந்த 15 கிலோ ஐஸ்தான். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். 15 டிகிரி ஏர்கோன் அறையில் உட்காருவதும் 15 டிகிரி தண்ணீரில் உட்காருவதும் ஒன்றல்ல.

முதல் ஒரு நிமிடம்

அன்று டிரம்மில் இறங்கியது நான்தான். இடுப்பு நனைந்ததுமே, என்னைக் கேட்காமலேயே வாய் திறந்து மூச்சை உள்ளே இழுத்தது. அடுத்த அரை நிமிடம் மூச்சு என் கட்டுப்பாட்டில் இல்லை. இதைக் 'குளிர் அதிர்ச்சி' என்கிறார்கள். முதல் 30 விநாடிகளில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கும்.

அந்த நேரத்தில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. ஆரோக்கியமான இளைஞன் பெரும்பாலும் தாங்கிக்கொள்வான். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவருக்கு அந்த ஒரு நிமிடமே ஆபத்து. முகத்தையும் சேர்த்து முக்கினால் இன்னும் சிக்கல். முகத்தில் படும் குளிர் இதயத்தை மெதுவாக்கச் சொல்லும். உடம்பில் படும் குளிர் வேகமாக்கச் சொல்லும். இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் வந்தால் இதயத் துடிப்பு தாளம் தவறலாம்.

உண்மையில் என்ன நன்மை?

நெதர்லாந்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வழக்கமான சுடுநீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த நீரில் நிற்க வேண்டும். இப்படி 30 நாள். அவர்கள் நோய் விடுப்பு எடுத்தது, செய்யாதவர்களைவிட 29 விழுக்காடு குறைந்தது. கவனிக்க வேண்டியது இரண்டு. நோயாக இருந்த நாட்கள் குறையவில்லை. வேலைக்குப் போகும் தெம்புதான் கூடியது. அடுத்து, 30 விநாடி நின்றவருக்கும் 90 விநாடி நின்றவருக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. கூடுதலாகத் தாங்கினால் கூடுதல் பலன் என்பது இங்கே செல்லவில்லை.

கடினமான பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலியைக் குளிர்நீர் குறைக்கும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஜிம்முக்குப் போகும் நண்பர்கள் கவனிக்கவும். எடை தூக்கியவுடனே 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு, 12 வாரத்தில் தசை வளர்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

நம் ஊருக்கு ரொம்பவும் தேவையான பயன் வேறு. கொளுத்தும் வெயிலில் பந்து விளையாடியோ காவடி சுமந்தோ ஒருவர் உடல் கொதித்து, நிதானம் இழந்து பேசினால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல், நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து, விசிறிவிட்டு உடம்பைக் குளிர வையுங்கள். குளிர்நீர் உயிரையே காப்பாற்றும் இடம் இதுதான்.

வீட்டில் செய்ய ஆசையா?

1. இதயநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

2. சுடுநீர் ஹீட்டரை அடைத்துவிட்டு, கடைசி 30 விநாடி குழாய்த் தண்ணீரில் நின்று தொடங்குங்கள். நம் தண்ணீர் நெதர்லாந்து தண்ணீர் அளவுக்குக் குளிராது; அதனால் அந்த 29 விழுக்காட்டை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். சுறுசுறுப்பு கிடைக்கும், ஆபத்தும் குறைவு.

3. ஐஸ் போட்டால் தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். தனியாக இறங்காதீர்கள். காலிலிருந்து மெதுவாக இறங்குங்கள். தலை வெளியே இருக்கட்டும். ஓரிரு நிமிடம் போதும்.

4. வேகவேகமாக மூச்சிழுத்து, பிறகு மூச்சடக்கும் பயிற்சியைத் தண்ணீரில் செய்யவே கூடாது. நினைவு தப்பினால் மூழ்கிவிடுவோம்.

5. யார் அதிக நேரம் என்று போட்டி வேண்டாம்.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் குளிச்ச குளியலுக்கு ஒரு பயனும் இல்லைங்கிறியா?" என்றார்.

இல்லைப்பா, அது வேறு கணக்கு என்றேன். விரதத்தில் எழும் நேரம், சாப்பாடு, பேச்சு எல்லாமே கட்டுக்குள் வருகிறது. குளியல் அதில் ஒரு பகுதி. தைப்பூசத்தன்று சுங்கை பத்துவில் குளித்துவிட்டு பத்துமலை ஏறுகிறவர்கள், 'நான் எத்தனை நிமிஷம் தாங்கினேன்' என்று கைப்பேசியில் நேரம் பார்ப்பதில்லை. நான் டிரம்மில் இறங்கியது தம்பி எடுக்கப்போகும் வீடியோவுக்காக. அவர் குளித்தது முருகனுக்காக.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அடுத்த தடவை கிளினிக்குப் போறப்போ டாக்டரைக் கேட்டுக்கிறேன்" என்றார்.

அந்த நீல டிரம்மில் இப்போது அம்மா மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது ஐஸ் வாங்கக் கிளம்பினால், முதலில் இதைப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கும் சேர்த்து.