வேனில் துவக்கு கொண்டுபோகலாமா?

கேள்வி: கனடாவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருக்கிறான். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆவணி மடுத் திருவிழா முடிந்த கையோடு மடு வீதிக் காட்டோரம் இரண்டு இரவு தங்கப்போகிறோம். யானைப் பயம் இருக்கிறது. உயிலங்குளத்தில் வயல் செய்யும் மாமாவிடம் அனுமதிப்பத்திரமுள்ள துவக்கு உண்டு. இரவல் வாங்கி வேனில் வைத்துக்கொள்ளலாமா? கனடாவில் வாகனத்தில் கொண்டுபோக விடுவார்கள் என்கிறான் தம்பி.
- வாசகர், பேசாலை

பதில்: வேண்டாம். மாமா கூடவே வந்தாலும் வேண்டாம்.

எங்கள் நாட்டில் இதற்கான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கியை உடைமையில் வைத்திருப்பதே அதன் 22ஆம் பிரிவின்படி குற்றம். சுட்டால்தான் குற்றம் என்றில்லை. மாமாவின் பத்திரம் மாமாவுக்கு மட்டுமே உரியது. மருமகனுக்கு இரவல் கொடுத்தால் உங்களோடு அவரும் மாட்டிக்கொள்வார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாவட்டச் செயலகம் கொடுத்த துவக்கு, காட்டில் முகாமிடும் குடும்பத்துக்குக் காவல் இருக்கக் கொடுத்ததல்ல. பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் காலாவதியாகும். இந்த ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

வேனில் படுத்து எழும்பினாலும் சட்டத்துக்கு அது வீடாகாது. மதவாச்சி வீதியில் பொலிஸார் மறித்து இருக்கைக்கடியில் துவக்கை எடுத்தால், சாரதி முதல் உள்ளே இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் விசாரணைக்குப் போகவேண்டி வரும். துவக்கு இருப்பது யார் யாருக்குத் தெரியும் என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

இடமும் பாரதூரமானது. மடு வீதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பூங்காவுக்குள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது தனிக் குற்றம். யானையைச் சுட்டால் அது இன்னும் பெரிய வழக்கு. சன்னத் தோட்டாவால் காயப்பட்ட யானை வெகுண்டு திரும்பினால் பிள்ளைகளை யார் காப்பது?

தம்பி சொல்வது பாதிதான் சரி. கனடாவிலும் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வாகனத்தில் கொண்டுபோக முடியாது. வாகனத்தில் ஆளில்லாதபோது அது பூட்டுக்குள், கண்ணில் படாமல் இருக்கவேண்டும். அவருடைய கனேடியப் பத்திரம் இங்கே செல்லாது.

துப்பாக்கி வைத்திருப்பது இங்கே உரிமையல்ல, அரசு கொடுக்கும் அனுமதி. தற்பாதுகாப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்கு முன் கையளிக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டிருந்தது. பத்திரத்தைப் போலவே அதன் நிபந்தனைகளும் முக்கியம். மாமா துவக்கை இடம் மாற்றவேண்டி வந்தால், முதலில் மன்னார் மாவட்டச் செயலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கட்டும்.

காட்டோரத்தில் தங்குவதைக் கைவிட்டு, ஆலய வளாகத்தில் யாத்திரிகர் தங்கும் இடத்திலேயே இரவைக் கழியுங்கள். பொழுதுபட்ட பின் காட்டுப் பாதையில் வேனை எடுக்காதீர்கள். யானை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992, பொலிஸுக்கு 119. ஊருக்கு வந்த தம்பியின் விடுமுறை நீதிமன்ற வாசலில் கழியக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.