பிரசவத்துக்குப் பின் தோல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு வாரங்கள் தமிழ்க் குடும்பங்களில் பத்தியத்துக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் சாம்பிராணிப் புகைக்கும் மஞ்சள் பூச்சுக்கும் உரிய காலமாக இருந்து வந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் அவற்றோடு கைபேசித் திரையில் வந்து குவியும் சீரம், முகப்பூச்சு விளம்பரங்களும் சேர்ந்துகொண்டன. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாலூட்டும் பெண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் அரைத்த கலவைகளைப் பரிந்துரைக்க, கடைகள் ஏழெட்டுப் படிகள் கொண்ட பராமரிப்பு முறைகளைப் பரிந்துரைக்கின்றன. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டும், தோலுக்கு எதையாவது செய்துகொண்டே இருக்காவிட்டால் அது கெட்டுவிடும் என்ற ஒரே எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. அந்த எண்ணத்துக்குத் தோல் மருத்துவத்தில் ஆதாரம் மிகக் குறைவு. இக்காலத்தில் தோலுக்கு நேரும் கேடுகளில் கணிசமானவை, செய்யத் தவறியதைவிடத் தேவையின்றிச் செய்ததனால் வருபவை.

நஞ்சுக்கொடி வெளியேறியவுடன் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரு ஹார்மோன்களின் அளவும் சில நாட்களுக்குள் செங்குத்தாகச் சரிகிறது. தோலின் ஈரப்பதத்தைக் காப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு என்பதாலும், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு தாழ்த்தியே வைத்திருப்பதாலும், வறட்சி, அரிப்பு, சிலருக்குப் பரு ஆகியவை தோன்றுவது இயல்பு. உடல் தன் சமநிலைக்குத் திரும்பும்போது இவை பெரும்பாலும் தாமே அடங்குகின்றன.

நம்பிக்கை: தவறாமல் எண்ணெய் தேய்த்தால் வயிற்றில் கோடு விழாது, விழுந்த கோடும் மறைந்துவிடும்.

வயிற்றுக் கோடுகள் தோலின் மேற்பரப்பில் உருவாவதில்லை. மேல்தோலுக்கு அடியிலுள்ள உட்தோலில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரத நார்களும் நெகிழ்வு தரும் எலாஸ்டின் நார்களும் இழுபட்டுச் சிதைவதால் அவை உண்டாகின்றன. மேலே தடவும் எண்ணெய் அந்த ஆழத்தில் நார்களைத் தைத்துவிட முடியாது. இத்தகைய பூச்சுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, கோடு விழாமல் தடுக்கும் என்பதற்குத் தரமான சான்று எதற்கும் இல்லை என்றே முடித்தது. கோடு விழுவதை முடிவுசெய்வதில் பரம்பரைக்கும் வயதுக்கும் எடை கூடும் வேகத்துக்கும்தான் பங்கு அதிகம். தேங்காய் எண்ணெய் வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும். அந்த அளவில் அது நல்லதே. சிவந்தோ கருத்தோ தோன்றும் கோடுகள் மாதங்கள் செல்லச் செல்ல வெளிறி, கண்ணை உறுத்தாத நிலைக்கு வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்.

சில வீடுகளில் இன்றும் சொல்லப்படும் இந்த நம்பிக்கையில் காரணம் பிழையாக இருந்தாலும், காலக்கணக்கு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது ஏறக்குறைய இரண்டாம் மாதத்தில். பேற்றுக்குப் பின் முடி கொட்டத் தொடங்குவது இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள். சாதாரணமாகத் தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு வளரும் கட்டத்திலும் எஞ்சியது உதிர்வதற்கு முந்தைய ஓய்வுக் கட்டத்திலும் இருக்கும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால், ஓய்வுக்குச் செல்ல வேண்டிய முடியும் வளர்ச்சியிலேயே தங்கிவிடுகிறது. கர்ப்பிணியின் கூந்தல் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான். பிரசவத்துக்குப் பின் அவ்வாறு தங்கிய முடியெல்லாம் ஒருசேர ஓய்வுக்குப் போய், சில மாதங்கள் கழித்து ஒருசேர உதிர்கிறது. தலையணையிலும் குளியலறைத் தண்ணீர்ப் போக்கியிலும் கொத்தாகக் கிடக்கும் முடி, முன்பே உதிர்ந்திருக்க வேண்டிய முடியே தவிர, புதிய இழப்பு அன்று. வேர் உயிரோடு இருப்பதால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பெரும்பாலோர்க்கு அது மீண்டுவிடுகிறது. நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு நிற்பது அதன் அடையாளம். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தினால் முடி உதிர்வு நிற்கும் என்பதும், விலையுயர்ந்த தைலத்தால் நிற்கும் என்பதும் ஒரே அளவுக்குத் தவறானவை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்துக் குறைவும், மகப்பேற்றுக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு அழற்சியும் முடி உதிர்வை நீட்டிக்கக்கூடியவை. ஓராண்டு கடந்தும் உதிர்வு குறையாவிட்டாலோ, அதனுடன் கடும் சோர்வும் படபடப்பும் இருந்தாலோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

நம்பிக்கை: கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் மஞ்சளும் மாவும்தான் பிள்ளை பெற்ற உடம்பைத் தேற்றும்.

வெதுவெதுப்பான நீரில் குளிப்பது தசைவலிக்கு இதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நொச்சியிலை போட்டுக் கொதிக்கவைத்த நீரைத் தாங்கும் மட்டும் சூடாக ஊற்றும்போது, தோலின் மேலடுக்கிலுள்ள செல்களைப் பிணைத்து ஈரத்தை உள்ளே நிறுத்தி வைக்கும் கொழுப்புப் பொருள்கள் கரைந்துபோகின்றன. ஏற்கெனவே ஹார்மோன் சரிவால் வறண்ட தோல் அதன்பின் மேலும் வறண்டு அரிக்கிறது. சோப்புக்கட்டிகளும் இதையே செய்கின்றன. ஆரோக்கியமான தோல் அமிலத்தன்மை பக்கம் சாய்ந்தது. அதன் அமில-காரத்தன்மைக் குறியீடு (pH) ஏறக்குறைய 5 ஆக இருக்க, வழக்கமான சோப்பின் அளவு 9 அல்லது 10.

பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள் ஆகியவற்றை அரைத்துச் செய்யும் நலங்கு மாவு, சோப்பைவிட மென்மையானதாக அமையக்கூடும், மாவு நைஸாக அரைபட்டிருந்தால் மட்டும். மிக்சியில் ஒப்புக்கு அரைத்துச் சலிக்காமல் வைத்த மாவின் குருணைகள் கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகின்றன; பூச்சைக் காயவிட்டுத் தேய்த்து உதிர்க்கும் வழக்கம் அதைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டுத் தோல்நிறத்தில் உராய்வும் எரிச்சலும் எளிதில் கருமையாக மாறி மாதக்கணக்கில் தங்கக்கூடும் என்பதால், பளபளப்புக்காகச் செய்வது கருந்திட்டாக முடிகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் அழற்சியைத் தணிப்பது உண்மைதான். ஆயினும் அது தோலை எளிதில் ஊடுருவுவதில்லை. சிலருக்கு ஒவ்வாமையையும் தருகிறது. நிறம் கூட்டுவதற்காக மஞ்சள்தூளில் ஈயக் குரோமேட் கலக்கப்படுவது தெற்காசியாவில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளதால், தாயின் மார்பிலும் கழுத்திலும் பூசுவது குழந்தையின் வாய்க்குப் போகும் என்பதையும் கருத வேண்டும். சிசேரியன் தையலின் மேல் மஞ்சள், விபூதி, எண்ணெய் எதையும் இடக் கூடாது. தையல் கேட்பது சுத்தமும் உலர்வும் மட்டுமே.

தண்ணீரைப் பற்றிய நம்பிக்கைகள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் தவறுகின்றன. வயிறு பெருத்துவிடும் என்று பத்தியத்தில் தண்ணீரைக் குறைப்பது, பாலாக நீரை இழந்துகொண்டிருக்கும் உடலுக்குத் தீங்கு; மலச்சிக்கலும் தலைவலியும் அதன் முதல் விளைவுகள். நாளுக்கு நான்கைந்து லிட்டர் குடித்தால் முகம் மின்னும் என்பதற்கும் சான்று இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். பாலூட்ட உட்காரும்போது கையெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு இருக்க வேண்டும்.

நம்பிக்கை: மங்கு உடம்புச் சூட்டால் வருவது, நல்ல கிரீம் போட்டால் ஒரு வாரத்தில் போய்விடும்.

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் பழுப்பாகப் படரும் மங்கு, மருத்துவத்தில் மெலாஸ்மா எனப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியைச் செய்யும் செல்கள் கர்ப்ப கால ஹார்மோன்களால் தூண்டப்பட்டு, வெளிச்சத்தால் மேலும் உசுப்பப்படுவதே அதன் காரணம். பரம்பரைக்கும் பங்கு உண்டு. உடம்புச் சூட்டுக்கும் இரத்தம் கெடுவதற்கும் இதில் தொடர்பில்லை. பலருக்குப் பிரசவமான சில மாதங்களில் வெளிறத் தொடங்கும். வெளிச்சம் தொடர்ந்து பட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

கறுத்த தோலுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்ற எண்ணம் இங்கேதான் பிழைபடுகிறது. மெலனின் மிகுந்த தோல் வெயிலில் எளிதில் புண்படாது. ஆனால் சுறுசுறுப்பான அதே நிறமிச் செல்கள்தாம் மங்குக்கு எளிதில் இடம் கொடுப்பவையும். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெயில் படாது என்பதும் முழு உண்மையன்று. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் குறுகிய அலைநீளம் கொண்டவற்றைத் தடுத்தாலும், நீண்ட அலைநீளம் கொண்டவற்றையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உள்ளே விடுகிறது. இவ்விரண்டும் மங்கைக் கூட்டுபவை. மஞ்சள்காமாலை குறையும் என்று பச்சிளங்குழந்தையைத் தினமும் காலை வெயிலில் ஏந்தி நிற்கும் தாயின் முகம், குழந்தைக்கு நம்பத்தகுந்த சிகிச்சையாகாத அந்த வெயிலைத் தானும் வாங்கிக்கொள்கிறது. எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள, துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பாலூட்டுவோர்க்கு ஏற்றது. அது தோலின் மேலேயே தங்கி வேலை செய்கிறது. இரும்பு ஆக்சைடு சேர்ந்து தோல்நிறச் சாயலுடன் வரும் வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மங்குக்கு இன்னும் பொருத்தம்.

ஒரு வாரத்தில் மங்கைப் போக்கும் கிரீமின் கதை வேறு. ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்த கலவையை 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்டார். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் பயன்பட வேண்டிய அது, இந்தியாவில் மருந்துக்கடை மேசையின் மேல் அழகுசாதனம் போலக் கைமாறியது. ஸ்டீராய்டு முதலில் முகத்தை வெளுக்கச் செய்வதால் நம்பிக்கை பிறக்கிறது. பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போலத் தெரிய, பருவும் உரோமமும் பெருகி, கிரீமை நிறுத்தினால் முகம் எரிகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்நிலைக்கு ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று தனிப்பெயரே வைக்க நேர்ந்தது. 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. பெயரற்ற சிவப்பழகுக் கிரீம்கள் இதைவிட ஆபத்தானவை. 2023இல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில், அவற்றைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டிகளைத் தாக்கும் அரிய நோய் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டபோது, பூச்சுகளில் பாதரசம் இருப்பது தெரியவந்தது. பாதரசம் தாய்ப்பாலிலும் கலக்கக்கூடியது.

ஹைட்ரோகுவினோன் தோல் வழியே கணிசமான அளவு உடலுக்குள் செல்வதால், பாலூட்டும் காலத்தில் அதைத் தள்ளிவைப்பதே வழக்கம். டிரெடினாயினும் அதன் இனமான ரெட்டினாலும் காத்திருக்கலாம். மங்குக்கோ பருவுக்கோ ஏதேனும் தேவைப்பட்டே தீருமானால், அசெலாயிக் அமிலமும் நயாசினமைடும் பாலூட்டுவோர்க்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன.

நம்பிக்கை: மார்புக்காம்பைத் துணியால் தேய்த்து உரமேற்றினால் வெடிக்காது.

காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சிறு புடைப்புகளாகத் தெரியும் சுரப்பிகள் தாமே எண்ணெய்ப்பசையைச் சுரந்து அவ்விடத்தைக் காக்கின்றன. சோப்பும் முரட்டுத் துவாலையும் அதை அழிப்பதோடு சரி. வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை கருவட்டத்தைச் சேர்த்துப் பற்றாமல் காம்பு நுனியை மட்டும் பற்றிச் சப்புவது. பற்றும் முறையைச் செவிலியர் ஒருவர் அருகிருந்து திருத்தினால், எந்தக் களிம்பையும்விட விரைவில் வலி குறையும். பாலூட்டி முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலைத் தடவி உலர விடலாம்.

இவற்றுக்கிடையே யாரும் பேசாத உறுப்பு கை. குழந்தையின் துணி அலசியும் பாத்திரம் கொதிக்கவைத்தும் நாளெல்லாம் கழுவப்படும் கைகளில் விரலிடுக்கு வெடித்து எரிவது முகத்து மங்கைவிடத் துன்பமானது. கழுவிய ஈரம் முழுதும் காயும் முன் சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது போதும். துணி துவைக்கும் வேலையை வேறொருவர் ஏற்பது அதனினும் மேல்.

மொத்தத்தில் களைத்த தாய்க்குத் தேவைப்படும் பராமரிப்பு இவ்வளவே: காலையில் வெறும் நீரில் முகம் கழுவி, வாசனையற்ற ஈரப்பூச்சும் சன்ஸ்கிரீனும் இடுவது, இரவில் மென்மையான கழுவியால் கழுவி மீண்டும் ஈரப்பூச்சு இடுவது. இரவில் அதற்கும் எழ முடியாத நாளில் தூங்கிவிடுவதே சரி; ஒருநாள் கழுவாத முகத்துக்கு ஒன்றும் ஆகாது. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் பரு வரும் என்பதால் அளவோடு வைப்பது நல்லது.

வீட்டுப் பராமரிப்போடு நிறுத்தக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு பக்க மார்பு சிவந்து கெட்டியாகிக் காய்ச்சல் வந்தாலோ, தையலிலிருந்து சீழோ துர்நாற்றமோ வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, அது அழகுப் பிரச்சினையன்று; அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் எந்நேரமும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம், அவசரத்துக்கு 108.