வலிக்காத கல்லுக்கு எப்போது லீவு போடுவது?

கம்பெனி செலவில் மாஸ்டர் ஹெல்த் செக்கப். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சளும் இல்லை. ஆனால் பித்தக் குழாயில் கல் என்கிறது ஸ்கேன் ரிப்போர்ட். பக்கத்து சீட்காரர், “எனக்கும்தான் கல் இருக்கு, அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலை” என்பார். அவருக்கு இருப்பது பையிலா, குழாயிலா என்று கேளுங்கள்.

பித்தப்பையில் சும்மா கிடக்கும் கல்லால் ஆண்டுக்கு 100 பேரில் 1 முதல் 4 பேருக்குத்தான் தொந்தரவு வருகிறது. பெரும்பாலும் விட்டுவிடலாம். குழாய்க்கு இறங்கிய கல்லை அப்படி நம்ப முடியாது. பித்தம் குடலுக்குப் போக அது ஒன்றே வழி. கணையக் குழாயும் அதே வாசலில்தான் வந்து சேர்கிறது. அடைத்தால் காமாலை, தொற்று, கணைய அழற்சி எதுவும் வரலாம். அதனால்தான் உடல் தாங்குமானால், அறிகுறி இல்லாவிட்டாலும் கல்லை எடுத்துவிடலாம் என்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்.

அதற்காக மறுநாளே அட்மிட் ஆக வேண்டாம். சாதாரண ஸ்கேனில் குழாயின் கீழ்ப்பகுதி சரியாகத் தெரியாது. எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அல்லது எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டில் கல்லை உறுதி செய்யுங்கள். சின்னக் கல் தானாகவே குடலுக்கு நழுவிப் போயிருக்கவும் கூடும்.

எடுப்பது பெரும்பாலும் இ.ஆர்.சி.பி. முறையில். வாய் வழியே குழாய் விட்டு, வாசலைச் சிறிது வெட்டி, கல்லை இழுப்பார்கள். வயிற்றில் தையல் இல்லை என்பதால் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சிகிச்சையே சிலருக்குக் கணைய அழற்சியைக் கிளப்பிவிடும். இளம் வயதினர், பெண்கள், குழாய் விரியாதவர்கள், ரத்தத்தில் பிலிருபின் அளவு இயல்பாக இருப்பவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். அறிகுறியே இல்லாமல் வேலைக்குப் போய்வரும் பலர் இந்தப் பட்டியலில்தான் வருவார்கள். ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: என் அபாயம் எவ்வளவு? அதைக் குறைக்க ஆசனவாய் வழியே வைக்கும் டைக்லோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் மருந்து தருவீர்களா? மாதம் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? வயதும் இதய, நுரையீரல் நோயும் கூடியவர்களுக்குக் கணக்கு மாறும். காத்திருப்பதும் ஒரு முடிவுதான்.

இனி லீவு. வெள்ளிக்கிழமை செய்துகொண்டு திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்காரும் திட்டம் வேண்டாம். எல்லாம் நல்லபடி நடந்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். கணையம் முரண்டு பிடித்தால் ஒரு வாரம்கூட ஆகும். காலண்டரில் ஒரு வாரத்தைக் காலியாக வையுங்கள். ரிலீஸ், ஆடிட், வெளிநாட்டுப் பயணம் எதற்கும் முந்தைய வாரம் உகந்ததல்ல. மேனேஜரிடம் “ஒரு மருத்துவச் சிகிச்சை, இத்தனை நாள்” என்றால் போதும். ரிப்போர்ட்டைக் காட்ட அவசியமில்லை. பித்தப்பையிலும் கல் இருந்தால் அந்தப் பையையே அடுத்த இரண்டு வாரத்துக்குள் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு லீவையும் சேர்த்தே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பணம்: குரூப் பாலிசிகள் பலவற்றில் காத்திருப்புக் காலம் இருக்காது, சொந்தப் பாலிசியில் பித்தக் கல்லுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். வேலை மாறும் யோசனை இருந்தால், ராஜினாமா கடிதத்துக்கு முன் இதை எச்.ஆரிடம் கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள், பங்களிப்பு நாட்கள் போதுமானால், மருத்துவச் சான்றிதழுடன் 70 சதவீத ஊதியத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம்.

தேதி வரும்வரை குளிர்க் காய்ச்சலோ, மேல்வயிற்று வலியோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கல் முழுதாக வராவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து அனுப்புவார்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலிக்காததால் பலர் இதை மறந்து, அடைப்பும் தொற்றுமாகத் திரும்பி வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் என்று இருந்தால், ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தத் தேதிக்கு போனில் அலாரம் வைத்துவிட்டு, ஒரு நாள் லீவையும் அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.