கணிப்பொறியின் தொடர் எண்ணும் இருப்புப் பதிவேடும்

புதுச்சேரி நகரத்து அலுவலகங்களிலும், வில்லியனூர், அரியாங்குப்பம் வட்டாரங்களிலும் கணிப்பொறி இன்றிப் பணி நடப்பதில்லை. மேசை நாற்காலியைப் போல அதனையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். நிலையான உடைமைகளை ஆண்டுக்கொரு முறையேனும் சரிபார்க்க வேண்டுமென்று 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் கூறுகின்றன. நாற்காலியை எண்ணினாற் போதும். கணிப்பொறிக்கு அது போதாது. உள்ளிருக்கும் வன்தட்டும் நினைவகமும் மாறிவிட்டாலும் வெளிப்பெட்டி மாறாமல் நிற்கும்.

ஓய்வுபெறவிருந்த பண்டகக் காப்பாளர் ஒருவர் இதனால் பட்ட துன்பத்தை நாம் கண்டோம். பெட்டியின் பின்புறச் சீட்டிலிருந்த தொடர் எண் பதிவேட்டோடு ஒத்தது. மென்பொருள் காட்டிய எண் ஒத்து வரவில்லை. பொறியை மாற்றிவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. நிலுவையின்மைச் சான்று நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர்ப் பழைய கோப்பொன்றில் பழுதுபார்த்த சீட்டு அகப்பட்டது. உத்தரவாதக் காலத்தில் மதர்போர்டு மாற்றப்பட்டிருந்தது. அதை எவரும் பதிவேட்டில் எழுதவில்லை.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. உற்பத்தியாளர் தொடர் எண்ணைச் சீட்டில் அச்சிடுவதோடு, மதர்போர்டிலுள்ள சில்லிலும் பதிகிறார். மென்பொருள் படிப்பது சில்லையே. பலகை மாறும்போது பழைய எண்ணை மீண்டும் பதியாவிடில் வேறு எண்ணோ வெற்றிடமோ தோன்றும். உதிரிகளைக் கொண்டு உள்ளூரில் பூட்டிய பொறிகளில், ‘உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரே எண்ணின் இடத்தில் நிற்பதுண்டு. அத்தகைய பொறிகளை மதர்போர்டின் எண்ணாலும் வலையட்டையின் முகவரியாலும் பிரித்தறிய வேண்டும்.

இப்பணிக்குரிய இலவச மென்பொருள்களுள் 2003இல் பிரான்சில் தோன்றிய ஜி.எல்.பி.ஐ. ஒன்று. அதன் பெயர் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. நம் நகரத்து மூத்தோர்க்கு விளக்கம் வேண்டியிராது! ஒவ்வொரு பொறியிலும் நிறுவப்படும் சிறு நிரல், பொறியின் எண்ணோடு வன்தட்டு, திரை முதலியவற்றின் எண்களையும் வலை வழியே அனுப்புகிறது. கடைசியாகச் செய்தி வந்த நாளையும் காணலாம். அந்நாள் மிகப் பழையதாயின் நேரில் சென்று பார்ப்பதே முறை. பொறி அலமாரியில் உறங்கலாம். அலுவலகத்தை விட்டே போயிருக்கவும் கூடும்.

எண் வேறுபட்டால் முதலில் பழுதுபார்த்த சீட்டைத் தேடுக. ஆளைக் குறை கூறுவது அதன் பிறகே. மேற்சொன்ன அலுவலகத்தில் இப்போது பழைய எண், புதிய எண், மாற்றிய நாள் ஆகிய மூன்றும் குறிப்புக் கலத்தில் சிவப்பு மையில் எழுதப்படுகின்றன. காப்பாளர் தம் சான்றைப் பெற்றுச் சென்றார், சற்றுக் காலந்தாழ்த்தே.